மரத்தூளுக்கு நடுவே ஒரு திரை

ஃபெவிகால் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். அதன் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு மரத்தூள். பக்கத்தில் இழைப்புளி, மூலைமட்டம், பாதி தேய்ந்த பென்சில். தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டோடு சேர்ந்த தச்சுப் பட்டறை எதற்குள் எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இந்தக் காட்சிதான் கண்ணில் படும்.

வேலை கொடுக்க வருகிறவரும் திரையோடுதான் வருகிறார். “அண்ணாச்சி, பூஜை ரூம் கதவு இதே மாதிரி வேணும்” என்று போனை நீட்டுகிறார். படத்தில் இருப்பது எந்த ஊர்க் கதவோ, என்ன மரமோ, எத்தனை அடி உயரமோ தெரியாது. போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, சட்டத்துக்கும் பலகைக்கும் உள்ள விகிதத்தைக் கண்ணாலேயே அளந்து, நிலையின் அகலத்தைக் கேட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டு விலை சொல்கிறார் ஆசாரி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் செலவு சரிந்த பிறகு பட்டறைகளில் பரவிய பழக்கம் இது. இன்று செல்போனுக்கு அடுத்த படியாக மேசைக் கணினியும் மானிட்டரும் பட்டறைக்குள் வர ஆரம்பித்திருக்கின்றன. அளவுப் படம் வரைய, பிளைவுட்டை வீணாக்காமல் வெட்டக் கணக்குப் போட, கணினி சொல்படி மரத்தை வெட்டும் சி.என்.சி. ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்க, பில் போட என்று அதற்கு வேலை நிறைய.

தச்சுப் பட்டறை மட்டுமில்லை. மாடி அறையில் ஆரி வேலை செய்யும் பெண்களுக்கு டிசைன் திரையிலிருந்துதான் துணிக்கு இறங்குகிறது. டிவி, மிக்ஸி பழுது பார்ப்பவர் சர்க்யூட் படத்தைத் திரையில் பெரிதாக்கித்தான் தடம் பிடிக்கிறார். சங்கரன்கோவில், புளியங்குடி பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் கணக்கு நோட்டின் இடத்தைப் போன் பிடித்துவிட்டது. வீடே தொழிற்கூடமாக இருப்பது இந்த மாவட்டத்துக்குப் பழக்கமானது. பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் தெரியும். அவர்களுக்கு முற்றமே பட்டறை.

ஆனால், திரை வாங்கும்போது எத்தனை அங்குலம், என்ன கம்பெனி, எத்தனை ஜி.பி. என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள், அதைப் பட்டறையில் எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்துவிடுகிறார்கள். ஆறே மாதத்தில் கணினி திணறத் தொடங்கும்போது பழி கம்பெனி மேல் விழுகிறது.

மத்தளம்பாறையிலிருந்து தொடங்கலாம்

தென்காசியும் திரையும் என்று பேச வந்தால் மத்தளம்பாறையைத் தாண்டிப் போக முடியாது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய மென்பொருள் நிறுவனம், 2011-ல் தென்காசியை ஒட்டிய இந்தக் கிராமத்தில் சிறு அலுவலகம் ஒன்றைத் திறந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர் சேவைக்குப் பயன்படும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் இங்கே உருவாகி 2016-ல் வெளிவந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டு வந்து மத்தளம்பாறையிலேயே குடியேறினார். தென்காசி தனி மாவட்டமானதும் அதே 2019-ல்தான், நவம்பர் 22 அன்று. 2021-ல் வேம்புவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கல்லூரிப் பட்டம் கேட்காமல், பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துக் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைக்கும் ஜோஹோவின் பள்ளியும் இங்கே நடக்கிறது. வயல் வரப்பைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்பது இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு இன்று அதிசயமில்லை. அந்த நிறுவனத்தின் துணையோடு ‘கருவி’ என்ற பெயரில் துளை போடும் டிரில், கிரைண்டர் போன்ற மின்கருவிகளைத் தயாரிக்கும் முயற்சியும் தென்காசி மாவட்டத்தில் நடக்கிறது. திரைக்குள் ஓடும் மென்பொருளும், பட்டறையில் சுழலும் கருவியும் ஒரே மண்ணில் உருவாகின்றன என்பது பெரிய விஷயம்.

இந்த இரண்டும் கை கோக்க வேண்டிய இடம் வீட்டுப் பட்டறை. அங்கேதான் இன்னும் சரியாக இணையவில்லை. குளிரூட்டிய அறையில் மேசை, நாற்காலி, வெளிச்சம், மின்சாரம் எல்லாம் கணினிக்காகவே அமைந்திருக்கும். பட்டறையில் எல்லாம் மரத்துக்காக அமைந்தவை. அங்கே கணினி விருந்தாளி.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் பற்றிப் பேசாத தென்காசிக்காரர் கிடையாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே புகுந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்களை உலுக்கும். ஆய்க்குடி, சுரண்டை, கடையநல்லூர் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். குற்றாலத்துச் சாரலும் அதன் கொடைதான்.

பட்டறையில் கணினி வைக்கும் இடத்தை முடிவு செய்வதற்கும் இந்தக் காற்றே வழி சொல்கிறது. மேற்கிலிருந்து காற்று, ஆகவே வட்ட ரம்பமும் தேய்ப்பு மெஷினும் கிழக்கு ஓரத்தில் இருந்தால் தூள் வாசல் வழியே வெளியே போகும். கணினி மேற்குப் பக்கம் இருந்தால் தூள் அதை நோக்கி வராது. ஆனால், மேற்கு ஜன்னலை ஒட்டி வைத்துவிடக் கூடாது. ஆனி, ஆடியில் சாரல் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே தெறிக்கும். மேற்குச் சுவரில், ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி, இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு தட்டு. இந்த ஊரில் பட்டறைக் கணினிக்கு ஏற்ற இடம் அது.

தூள் என்ன செய்யும் என்று தெரிந்தால் இந்தக் கவலை ஏன் என்பதும் புரியும். மேசைக் கணினியின் பெட்டிக்குள் சிறு மின்விசிறிகள் ஓடுகின்றன. சிப்பின் சூட்டை இறக்க வெளிக்காற்றை உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. மரத்தூள் பறக்கும் இடத்தில் காற்றோடு தூளையும் இழுக்கும். சூடு தணிக்கும் உலோகத் தகடுகளின் இடுக்கில் அது கம்பளி போலப் படிந்துகொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் போனால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘கம்ப்யூட்டர் ஸ்லோ’ என்று கடைக்குத் தூக்கிப்போகிறவை பலவற்றுக்கு நோய் இதுதான். சாரல் காலத்தில் அந்தத் தூள் ஈரம் குடித்துக் களியாகிவிட்டால் இன்னும் சிக்கல்.

இரும்புத்தூள் இதைவிடப் பொல்லாதது. மரத்தூளில் மின்சாரம் எளிதில் பாயாது. கிரைண்டரிலிருந்து தெறிக்கும் இரும்புத்துகளில் பாயும். சர்க்யூட் போர்டின் இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு துகள் உட்கார்ந்தால் போதும், போர்டு போய்விடும். செல்போனின் ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால், வெல்டிங் பட்டறையில் கிடக்கும் போனின் சல்லடைத் துளைகளில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கும் அறையில் மேசைக் கணினியின் பெட்டியை வைக்காமலிருப்பதே நல்லது.

பெட்டியை வைக்காமல் திரையை மட்டும் வைக்க முடியுமா? முடியும். வீட்டுப் பட்டறைக்கு உள்ள பெரிய வசதியே அதுதான். சாதாரண மானிட்டருக்குள் மின்விசிறி இல்லை. தூள் படிந்தாலும் மென்மையான துணியால் துடைத்துவிடலாம். பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் வைத்து, சுவரில் ஒரு துளை போட்டு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை இழுத்தால் திரை மட்டும் பட்டறையில் நிற்கும். சுவரில் துளை போடத் தெரியாத ஆசாரி உண்டா! கீபோர்டுக்கு ஒளி ஊடுருவும் சிலிக்கோன் உறை போட்டால் தூள் எழுத்துகளுக்கு இடையே இறங்காது. வீட்டுக்குள் இடமில்லையென்றால் மின்விசிறியே இல்லாத சிறு கணினிகள் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பள்ளிப்பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கென்று 2012-ல் வெளியிட்ட ராஸ்பெரி பை என்ற கணினி உள்ளங்கைக்குள் அடங்கும். 5 வோல்ட்டில் ஓடும். சிக்கலான படங்களுக்கு அது திணறினாலும், அளவுப் படம் பார்க்கவும் கட்டளைக் கோப்பை மெஷினுக்கு அனுப்பவும் போதும்.

சுத்தம் செய்யும்போது நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர் கையருகே இருப்பதால் அதையே எடுத்துக் கணினிக்குள் ஊதிவிடுகிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். ஊதும் வேகத்தில் மின்விசிறி தறிகெட்டுச் சுழன்று பழுதாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டிவிடுவதே பத்திரமான முறை. மழையில் நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். துகள்கள் துளைகளுக்குள் போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது.

கணினிக்கே இந்தப் பாடு என்றால் நுரையீரலுக்கு? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில் மரத்தூளை 1995-லேயே சேர்த்துவிட்டது. கணினிக்குத் துணி உறை தைத்துப் போடுகிற பட்டறையில் தொழில் செய்பவர் முகக்கவசம் இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தூளை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கினால் இருவருக்கும் நல்லது. திரை வாங்கும் முன்பே வாங்க வேண்டிய சாமான் அது.

நாற்பதைத் தாண்டிய கண்

பட்டறையில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வேலை. அலுவலக மேசை உயரத்தில் திரையை வைத்தால் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். திரையின் மேல் விளிம்பு நிற்பவரின் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால் கழுத்து வலிக்காது. கை நீட்டினால் தொடும் தூரம் போதும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து, மேல் பாதி தூரப்பார்வைக்கும் கீழ்ப் பாதி கிட்டப்பார்வைக்குமாக இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையை அண்ணாந்து பின்னுக்குச் சாய்ப்பார்கள். சாயங்காலம் பிடரி இறுகிவிடும். அவர்களுக்குத் திரை நாலு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்ந்தும் இருக்க வேண்டும். எழுத்தின் அளவை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள எல்லாக் கணினியிலும் வழி இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரேயோ முதுகு காட்டியோ திரை நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்றால் கூச்சம் குறையும். கைகூடினால் சுவரில் மடக்குக் கை ஒன்று பொருத்தித் திரையை அதில் மாட்டுவது நல்லது. வேண்டியபோது இழுத்துக்கொள்ளலாம், பலகை புரட்டும்போது ஒதுக்கிவிடலாம்.

பசை ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை பணியாது. கையுறை போட்ட விரலையும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. செல்போன் திரை, விரலிலுள்ள மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. ஈரக்கையில் அது தடுமாறும். பழைய பத்து ரூபாய் மவுஸ்பேடும் வயர் மவுஸும் பட்டறையில் இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே லைன், இரண்டு சுமை

இழைப்பு மெஷினின் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில், சாதாரணமாக இழுப்பதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். விளக்கு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்போம். அதே லைனில் கணினி இருந்தால் அந்தக் கணத்தில் அணைந்து எழும். சேமிக்காத படம் போய்விடும். கணினிக்குத் தனி லைன், நல்ல எர்த், ஒரு யு.பி.எஸ். இம்மூன்றும் வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனம் மெயின் போர்டில் இருந்தால் கணினியோடு உயிருக்கும் காவல். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் ஊர் இது. இடிச்சத்தம் கேட்டதும் கணினிப் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இன்டர்நெட் ஒயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மரக் கடைசல் வைத்திருப்பவர்கள் விளக்கையும் கவனிக்க வேண்டும். சோக் போட்ட பழைய டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. சுழலும் மரத்தின் வேகம் அந்தத் துடிப்போடு பொருந்திவிட்டால், ஓடும் கடைசல் நிற்பது போலத் தோன்றும். கை வைத்தால் போச்சு.

நூல் கணக்கு

திரையால் கண்கூடாகக் கிடைக்கும் லாபம் வெட்டுக் கணக்கில் இருக்கிறது. பிளைவுட் எட்டுக்கு நாலு. நாலடி அகலத்தில் ஒரு அடி அகலமுள்ள அலமாரித் தட்டு நாலு வரும் என்று வாய்க்கணக்கு சொல்லும். வெட்டிப் பார்த்தால் நாலாவது தட்டு குறையும். ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். ஆக, ஒரு வெட்டுக்கு ஒரு நூல் காணாமல் போகிறது. மூன்று வெட்டுக்கு மூன்று நூல். அனுபவசாலி இதை மனசில் வைத்தே கோடு போடுவார். ஆனால், மாடுலர் கிச்சன் மாதிரி நாற்பது, ஐம்பது துண்டு வரும் வேலையில் எந்தத் துண்டை எந்த ஷீட்டில் எப்படித் திருப்பிப் போட்டால் மிச்சம் குறையும் என்று மனசில் ஓட்டிப் பார்ப்பது யாருக்கும் கஷ்டம். அந்தக் கணக்கைச் செய்து தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரம்பத்தின் தடிமனைக் கொடுத்தால் அதையும் கழித்துக்கொண்டு எத்தனை ஷீட் வேண்டும், எந்த வரிசையில் வெட்டுவது என்று காட்டிவிடும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குப் போகும் ஷீட் ஒன்று மிச்சமானால் அது வீட்டுச் செலவுக்கு ஆகும்.

படம் வரைய ஃப்ரீகேட், பூவேலை வரைய இங்க்ஸ்கேப். இரண்டும் காசு கேட்பதில்லை. இவற்றில் ஓர் அபாயமும் உண்டு. மில்லிமீட்டரில் இருக்கிறதா, அங்குலத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணைத் தட்டிவிட்டால் கதவு ஜன்னலாகிவிடும். 1999-ல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றப் போன நாசாவின் விண்கலம் ஒன்று அழிந்துபோனதே, ஒரு குழு மெட்ரிக் அளவையிலும் இன்னொரு குழு பவுண்டுக் கணக்கிலும் எண்களைக் கொடுத்ததால்தான். ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் உள்ள டேப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஆசாரிக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

திரை மறைக்கும் உண்மை ஒன்றும் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியும் கட்டிலும் திரையில் ஒரே அளவாகத் தெரியும். முன்பு ஆசாரிமார் தரையிலோ பலகையிலோ நிஜ அளவிலேயே படம் போட்டு, அதன் மேல் மரத்தை வைத்துப் பார்த்து வெட்டுவார்கள். படம் வேறு, பொருள் வேறு என்ற இடைவெளியே அங்கு இல்லை. அந்த முறையைத் திரையோடு சேர்க்க எளிய வழி உண்டு. நிஜ அளவில் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்செடுத்து, ஒட்டி, மரத்தில் பதிக்கலாம். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்துகொள்ள வேண்டும். அச்சான பின் ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது அது 97 என்று வந்தால் பிரிண்டர் தாளுக்குள் அடங்கச் சுருக்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு கோடு எத்தனையோ பலகையைக் காப்பாற்றும்.

சித்திரத்தையே மூர்த்தியாகக் கும்பிடும் ஊர் குற்றாலம். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, ஆலங்காட்டில் ரத்தினம், நெல்லையில் தாமிரம். இங்கே சித்திர சபை. சுவரில் வரைந்த உருவத்துக்குத்தான் பூசை. கோட்டுக்கு உயிர் உண்டு என்று நம்பும் கைகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. திரையில் இழுக்கும் கோட்டையும் அந்தக் கைகள் அதே மரியாதையோடு இழுக்கக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

யார் கற்றுக்கொடுப்பது?

இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. புனே அருகே பாபல் என்ற வறண்ட கிராமத்தில் எஸ்.எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி 1983-ல் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளியில் தேறாத பிள்ளைகளுக்கு வெல்டிங், தச்சு, விவசாயம், மின்வேலை எல்லாம் செய்துபார்த்துக் கற்கும் இடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், கணினியில் வரைந்ததை மெஷினில் வெட்டி எடுக்கும் ‘ஃபேப் லேப்’ என்ற பட்டறையைத் தன் வளாகத்துக்கு வெளியே அமைக்க நினைத்தபோது, 2002-ல் முதலில் வந்தது இந்தப் பாபலுக்குத்தான். பெரு நகரங்களைத் தேடிப்போகவில்லை.

அப்படி ஒரு பொதுப் பட்டறை தென்காசியில் அமைவதற்கு என்ன தடை? மரம் அறுக்கும் மில்கள் செங்கோட்டையிலும் தென்காசியிலும் இருக்கின்றன. 1904-ல் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை திறந்த காலத்திலிருந்தே மலைக்கு அந்தப் பக்கத்தோடு வியாபாரம் நடக்கிற ஊர். கைத்தொழில் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. மென்பொருள் எழுதத் தெரிந்த இளைஞர்கள் மத்தளம்பாறையில் இருக்கிறார்கள். இவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால், தமிழில் மெனு உள்ள, ‘நூல்’ என்ற சொல்லை அறிந்த வெட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்று பிறக்காதா? இன்று கிடைப்பவற்றில் அது எட்டில் ஒரு பங்கு அங்குலம், நூலாக வருவதில்லை. ஆங்கில மெனுவைப் பார்த்து ஒதுங்கிப்போகும் ஐம்பது வயதுக் கைத்திறன், தமிழைப் பார்த்தால் நெருங்கி வரும்.

பணத்துக்கு வழியிருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் சேர்க்கப்பட்டுள்ளன. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். இந்தக் கடனை மெஷினுக்கு மட்டும் என்று நினைக்காமல், தூள் உறிஞ்சும் கருவி, தனி மின் லைன், திரை மூன்றையும் சேர்த்துத் திட்டம் போட்டால் பட்டறைக்கு நீண்ட நாள் உழைக்கும்.

சி.என்.சி. ரவுட்டர் வந்தால் ஆசாரியின் கை வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். லட்சுமி உருவம் செதுக்கிய கதவுப் பலகையை மெஷின் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அதே கோப்பை ஆயிரம் பேர் வாங்கி வைத்திருப்பதால் ஆயிரம் வீட்டு வாசலில் ஒரே லட்சுமி. சொந்தமாக வரையத் தெரிந்த ஆசாரி தன் கோட்டைத் தானே திரையில் ஏற்றிக்கொண்டால்தான் இதிலிருந்து தப்ப முடியும். மெஷின் வெட்டிய பின் முகத்தையும் விரலையும் உளியால் தீர்க்கும் வேலை எப்படியும் கைக்கே மிச்சம். அங்கேதான் கூலியும் கூடுதல்.

சாரலில் உப்பும் கதவு

திரை புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அளவு காட்டும். மரம் அதற்குக் கட்டுப்படாது. ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் உப்பும். நீளத்தில் அநேகமாக மாறாது. தேக்கு அடக்கமான மரம் என்று பெயர். அதிலேயே ஓரடி அகலமுள்ள பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினால், அறுத்த வாட்டத்தைப் பொறுத்து 2 மில்லிமீட்டர் வரை விரியும். அரை நூலுக்கும் மேல். பங்குனி வெயிலில் திரையைப் பார்த்துத் துல்லியமாக வெட்டிப் பொருத்திய கதவு, ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டியதும் நிலையோடு இறுகிக்கொள்ளும் ரகசியம் இதுதான். முப்பரிமாண அச்சு மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் அதே காலம் சோதனை. அதில் போடும் பிளாஸ்டிக் இழை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டு, சூட்டில் பொரிந்து, அச்சு சொரசொரப்பாக வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இழையை வைக்க வேண்டும். முறுக்கு நமுத்துப்போகாமல் வைக்கிற அதே டப்பா போதும்.

ஆகவே, இந்த ஊரில் கதவுக்கு விடும் இடைவெளி எவ்வளவு என்று எந்தத் திரையும் தானாகச் சொல்லாது. அருவிக்கரை ஓரத்து வீட்டுக்கு ஒரு கணக்கு, சுரண்டை வெயிலுக்கு வேறு கணக்கு. பலாவுக்கு ஒன்று, தேக்குக்கு ஒன்று. அந்த எண் அப்பாவிடமிருந்து மகனுக்கு வாய்வழியாக வந்தது. இப்போது அதை எழுதிவைக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆடியில் கதவு பிடிக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டால் இழைப்புளியோடு போய், ஓரத்தில் அரை நூல் சீவி, கதவு சாத்தித் திறப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கணினியைப் போட்டு, அந்தக் கதவின் கோப்பைத் திறந்து, இடைவெளிக் கட்டத்தில் இருந்த 3-ஐ அழித்து 4.5 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். பக்கத்தில் ஊர்ப் பெயரும் மரத்தின் பெயரும்.